தொண்டி முதல் சாயல்குடி வரை ஒரே டைம்டேபிள்

பள்ளிகள் சேர்ந்து ஆன்லைன் வகுப்பு நடத்துகிறோம் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "எந்த ஆப்?" 2024 ஜூனில் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பள்ளிகளின் கூட்டு ஆன்லைன் வகுப்புகளை நடத்தும் பொறுப்பை ஏற்றதிலிருந்து மறு ஏப்ரலில் ஒப்படைத்தது வரை தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர், கல்யாண வீட்டில் பார்க்கும் சொந்தக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் இதைத்தான் கேட்டார்கள். அந்த வருடம் என் தூக்கத்தைக் கெடுத்தது ஆப் இல்லை, பெல். தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் முதல் பெல் ஒன்பது மணிக்கு. ராமேஸ்வரம் தீவில் உள்ள பள்ளியில் டீச்சர்கள் வரும் பஸ்ஸைப் பார்த்துத்தான் ஒன்பதரைக்கு மேல் அடிப்பார்கள். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக மதிய இடைவேளை நீளும். சாயல்குடிப் பக்கம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் நாலு மணிக்கு ஒரு நிமிடம்கூட நிற்காது. இவர்களை ஒரே பாடத்துக்கு ஒரே நேரத்தில் உட்கார வைக்க வேண்டும். எங்கள் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

ஏற்பாடு என்னவோ எளிதானது. ஈ.சி.ஆர். ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு மேல்நிலைப் பள்ளிகள். பெரும்பாலும் உதவிபெறும் பள்ளிகள், இரண்டு மூன்று மெட்ரிக். ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர் ஒருவரின் வாரத்தில் சில பீரியடைப் பொதுவில் வைக்கும். அதற்குப் பதிலாக மற்றப் பள்ளி ஆசிரியர்கள் எடுக்கும் பாடங்களில் தன் பிள்ளைகளுக்கு இடம் வாங்கிக்கொள்ளும். பாடத்துக்காகப் பணம் கைமாறாது. இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. 1996-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹட்சன் நகரப் பள்ளிகளும் கான்கார்ட் கன்சார்ட்டியம் என்ற அமைப்பும் அரசு மானியத்தில் தொடங்கிய 'விர்ச்சுவல் ஹைஸ்கூல்' இந்தப் பண்டமாற்றில்தான் ஓடியது. ஆசிரியரைக் கொடுத்தால் இடம் கிடைக்கும். கூடவே ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளோடு இருக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைத்திருந்தார்கள். இங்கே பள்ளிகள் முதலில் கைகழுவப் பார்ப்பது அந்த நிபந்தனையைத்தான்.

இப்படி ஒன்று ஏன் வேண்டும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்துல் கலாம் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பி ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்து படித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. நினைத்த குரூப் வேண்டுமென்றால் இன்றைக்கும் கரையோரப் பிள்ளைக்கு அதே பாதைதான்: ராம்நாட்டுக்குப் போ, விடுதி பார், இல்லையென்றால் கிடைக்கிற குரூப்பில் சேர். ஆசிரியருக்கும் அலைச்சல்தான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கும்வரை தீவுக்கு ரோடு ஒன்றே வழி. என் பதவிக்காலம் பூராவும், ராம்நாட்டில் குடியிருந்து தீவுக்கு வந்த முதுகலை ஆசிரியர்கள் பஸ்ஸில்தான் வந்தார்கள். காலியிடம் வந்தால் அங்கே போக யார் முந்துவார்கள்?

வீடியோவுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் வந்த திக்‌ஷா, 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் வந்த மணற்கேணி செயலி என்று பாடப்புத்தகத்தை ஒட்டியே ஏராளமாகக் கிடக்கிறது. புத்தகத்திலேயே க்யூஆர் கோடு இருக்கிறது. பிள்ளைக்கு வேண்டியது, "டீச்சர், இந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லும் ஒரு ஆள். எழுதிய தாளைச் சிவப்புப் பேனாவால் திருத்தும் ஒரு ஆள். நாங்கள் பகிர்ந்துகொண்டது அந்த ஆளைத்தான்.

முதல் மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. எல்லாப் பள்ளியின் டைம்டேபிளையும் கையால் எழுதி வாங்கி, ஒரு சார்ட் பேப்பரில் கலர் கலராக ஒட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரே ஒரு நேரடி வகுப்புக்குத்தான் பொது நேரம் தேறியது: செவ்வாய் பிற்பகல், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டாவது பீரியட். தூக்கம் வரும் நேரம்தான், வேறு வழியில்லை. மீதியெல்லாம் பதிவு செய்த பாடம், எழுத்து வேலை, இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பதில். அடுத்தபடியாக நாட்காட்டி. ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா. செப்டம்பர் 11-இல் பரமக்குடியிலும் அக்டோபர் 30-ஐ ஒட்டிப் பசும்பொன்னிலும் அனுசரிப்புகள். மாவட்டம் முழுக்கப் போக்குவரத்து மாறும், பஸ்ஸை நம்ப முடியாது. ஜனவரி பிறந்துவிட்டால் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அப்போது "உங்க ஆன்லைன் கிளாஸ்" என்று வாயைத் திறந்தால் தலைமையாசிரியர் முறைப்பார். ஆகவே எந்தப் பாடமாக இருந்தாலும் ஜூன் கடைசியில் தொடங்கி டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். வருடப் பாடம் என்று போட்டு மார்ச் வரை இழுக்கும் திட்டங்களைப் பார்த்தால், இவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்திருக்கிறார்களா என்றுதான் எனக்குத் தோன்றும்.

வீட்டு வேலையை என்றைக்கு அனுப்பச் சொல்வது என்பதில் ஒரு கடலோரக் கணக்கு இருக்கிறது. பதிவு செய்த பாடத்தைப் பிள்ளைகள் வீட்டுப் போனில் பார்ப்பார்கள். கீழக்கரையில் இது பிரச்சினையே இல்லை. "வாப்பா துபாய்ல இருக்காங்க டீச்சர், வீட்ல ரெண்டு போன் இருக்கு, வைஃபை இருக்கு" என்று ஒரு பெண் சொன்னாள். தங்கச்சிமடத்தில் அதே வகுப்புப் பையன், "போன் அப்பாகூட கடலுக்குப் போயிருக்கு டீச்சர்" என்றான். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். போனும் கூடவே வரும், சார்ஜ் இல்லாமல். அப்படியானால் போன் வீட்டில் நிம்மதியாகக் கிடக்கும் இரவுகள் எவை? செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறு. அதற்குமுன் திங்கள் இரவு என்று இருந்த கெடுவை ஞாயிறு இரவுக்கு மாற்றினோம். தீவுப் பிள்ளைகள் "சோம்பேறிகள்" என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை. படகு பிடிபட்ட செய்தி வந்து ஸ்ட்ரைக் நடக்கும் நாட்களில் போன் வீட்டிலேயே இருக்கும். படிக்கிற மனசு இருக்காது. அந்த வாரம் கெடு கிடையாது, காரணமும் கேட்க மாட்டோம்.

இதே கணக்கை வைத்துத்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வருகிறேன். படகு கரையில், அப்பா வீட்டில், போனும் வீட்டில், பள்ளி விடுமுறை. பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன் போகும் பிள்ளைகளுக்கு மூன்று வாரக் கணித அடிப்படைப் பாடம் நடத்த இதைவிடத் தோதான நேரம் இந்தக் கரையில் கிடையாது.

பாடத்தின் அளவையும் போன்தான் தீர்மானித்தது. எட்டு நிமிடத்துக்கு மேல் வீடியோ இல்லை. 360p தரத்துக்குச் சுருக்கினால் ஒரு பாடம் இருபத்தைந்து எம்.பி.க்குள் அடங்கும். அதன் ஒலியை மட்டும் பிரித்தால் இரண்டு எம்.பி. தான். இந்த ஒலிப்பாடம் பிடித்த அளவுக்கு வேறெதுவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது. 2016 முதல் பாம்பனில் மீனவர்களுக்கென்று 'கடல் ஓசை' சமூக வானொலி வேறு. காதால் கேட்டுப் பழகிய ஊர். கணக்கை ஒலியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்கள் தயங்கினார்கள். விடை சொல்லாமல், "புத்தகத்தை எடு, எடுத்துக்காட்டு நாலைப் பார், மூணாவது வரியில் விரலை வை" என்று சொல்லிக்கொண்டே போகச் சொன்னேன். வீடியோவுக்கும் ஸ்டுடியோ எதுவும் இல்லை. மேஜைமேல் ஒரு போன் ஸ்டாண்டு, கீழே வெள்ளைத்தாள், ஆசிரியரின் கையும் பேனாவும் மட்டும் தெரியும். முகம் தெரியாததில் பல ஆசிரியர்களுக்கு நிம்மதி.

ஒருங்கிணைப்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். தென்கரையில் ஒரு சின்னப் பள்ளி. அங்கே லேப் உதவியாளராக இருந்த பெண் பி.காம். படித்தவர். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். நாங்கள் நடத்திய புள்ளியியல் பாடத்துக்கு இவர்தான் அந்தப் பள்ளியின் ஆள். புள்ளியியல் அவருக்கும் அரைகுறைதான், ஆனால் நீளமான ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். எந்தப் பாடம் பார்த்தது, எங்கே நின்றது, வீட்டில் போன் யாரிடம் இருக்கிறது. நான் போயிருந்த அன்று லேப் பீரியடில் ஒரு பையனைக் கூப்பிட்டார்.

"அஞ்சாவது பாடம் பாத்தியாடா?"

"பாத்தேன் மிஸ்."

"கடைசிக் கணக்குல சார் ஒரு எடத்துல அடிச்சுட்டுத் திருப்பி எழுதுனாரே, என்ன எழுதுனாரு?"

பையன் தலையைச் சொறிந்தான். பார்த்துவிட்ட ஒரு பிள்ளையின் பக்கத்தில் அவனை உட்கார வைத்து, ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டச் சொன்னார். என்னிடம் திரும்பி, "பார்த்தியான்னா எல்லாம் பார்த்தேன்னுதான் சொல்லும் மேடம்" என்றார். மூடுல் என்ற எங்கள் பாடத் தளத்தில் எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தைத் திறந்தது என்ற அறிக்கை எனக்கு வாராவாரம் வரும். அவர் அந்த அறிக்கையைத் திறந்தே பார்த்ததில்லை. பாடத்தைத் தொடங்கியவர்களில் அநேகமாக எல்லாரும் முடித்தது அந்தப் பள்ளியில்தான்.

வசதியில் பெரிய இன்னொரு பள்ளியில் நல்ல லேப், நல்ல இணைப்பு. ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் கொடுத்திருந்த ஆசிரியருக்கு வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியட், அதற்குமேல் எமிஸ் என்ற கல்வித்துறைத் தளத்தில் மாணவர் விவரம் பதியும் வேலை. தீபாவளிக்குள் அங்கே பாதிப் பிள்ளைகள் காணாமல் போய்விட்டார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் நாங்கள் எழுதிய ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்தோம்: ஒருங்கிணைப்பாளருக்கு வாரத்தில் மூன்று பீரியட் டைம்டேபிளிலேயே ஒதுக்கி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வாய்வார்த்தையாகக் கொடுக்கும் பீரியட் ஆகஸ்ட் வரைதான் தாங்கும். கூடவே மாதம் ஒரு சின்ன மதிப்பூதியம். பள்ளிகளிடமிருந்து வாங்கிய சந்தாவில் சர்வர் வாடகை போக மிச்சமெல்லாம் இதற்குத்தான் போனது. வேறு செலவைக் குறைத்தாலும் இதில் கை வைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளின் போன் நம்பர் விஷயத்தில் கறாராக இருந்தோம். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நம்பர் எல்லார் கண்ணிலும் படும். மறுநாளே ஒரு தகப்பனார் பள்ளி வாசலில் நிற்பார், நிற்பது நியாயமும்கூட. ஆசிரியர் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புவார், ஒருங்கிணைப்பாளர் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அனுப்புவார். பொதுத் தளத்தில் பெயரும் பள்ளியும் தவிர எதுவும் தெரியாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. நாங்கள் ஒரு பக்கத்தில் தமிழில் படிவம் அடித்து, சேர்க்கையின்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டோம். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பாடங்களில் எனக்கு நிறைவு தந்தது புள்ளியியல். நான் அந்தப் பாடக்காரி என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். மாறுபாட்டுக் கெழு நடத்தும் வாரத்தில் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார். பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகள் நீலக்கால் நண்டு ஏல விலையைப் பத்து நாள் குறித்து வர வேண்டும். திருவாடானைப் பக்கத்துப் பிள்ளைகள் குண்டு மிளகாய் விலையை. சாயல்குடிப் பிள்ளைகள் கருப்பட்டி விலையை. கீழக்கரைப் பிள்ளைகள் தங்க விலையை. நண்டு ஒரு விலை, தங்கம் ஒரு விலை. இரண்டின் திட்ட விலக்கத்தையும் (விலை சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) நேரடியாக ஒப்பிட்டால் அர்த்தமே இருக்காது. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால்தான் எது அதிகம் ஆடுகிறது என்று தெரியும். புத்தகத்தில் நாலு வரியில் இருக்கும் இந்த விஷயம் அந்த வாரம் சண்டையாகவே மாறிவிட்டது. நண்டு விலையின் கெழு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. "எங்க வீட்டு வருமானம் ஏன் இப்படின்னு இப்பத்தான் தெரியுது" என்று ஒரு பையன் எழுதினான். கீழக்கரைப் பெண் ஒருத்தி, பத்து நாள் விலையை வைத்துத் தங்கம் ஆடாது என்று எப்படிச் சொல்வது, ஒரு வருடம் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஆசிரியருக்கே அது பிடித்துப்போய் அடுத்த வாரப் பாடத்தை அதை வைத்தே நடத்தினார். ஒரே பள்ளிக்குள் இது நடந்திருக்காது. நாலு ஊர்ச் சந்தையும் ஒரே வகுப்பில் இருந்ததால் நடந்தது. இப்படி ஒரு வேலையாவது பாடத்தில் இல்லையென்றால் பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சியே பார்த்துக்கொள்ளலாம், நாம் நடுவில் எதற்கு?

கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கான பாடத்துக்கு இடம் போதவில்லை. கப்பல் வேலைக்குப் போக வேண்டும் என்று இங்கே வீட்டுக்கு வீடு ஆசை உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்தில் பத்திலோ பிளஸ் டூவிலோ 50 வேண்டும் என்பது பலருக்குப் பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிகிறது. இதைப் பிளஸ் ஒன் சேரும் அன்றே சொல்லிவிட்டால் ஏஜென்ட்டுகளிடம் பணம் போவது குறையும். பைத்தான் பாடமும் நன்றாகப் போனது, அதைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லேபில் நெட்வொர்க் கேபிளின் முனையில் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும். இணைப்பு விட்டுவிட்டு வரும். ஆட்கள் கம்பெனியைத் திட்டுவார்கள். முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் சரியாகிவிடும். ஸ்விட்ச்சைச் சுவரில் திறந்து மாட்டாமல் மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். யு.பி.எஸ். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். ஜன்னல் கடல் பக்கம் இருந்தால் மானிட்டர்களை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். இவ்வளவையும், கேபிள் முனை அடிக்கும் கிரிம்பிங் டூலோடு ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மதியத்தில் சொல்லிக் கொடுக்கலாம்.

மழைக்கு நேரடி வகுப்பை நம்பக்கூடாது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. முழுப் பாடத்தையும் ஒவ்வொரு லேபிலும் ஒரு கம்ப்யூட்டரில் நகலாக வைத்திருந்ததால், பள்ளி திறந்ததும் இணைப்புக்குக் காத்திராமல் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. அந்த நகலைப் புதுப்பிக்க பென்டிரைவைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியதும் உண்டு. நவம்பரில் தேர்வு வைக்காதீர்கள்.

தலைமையாசிரியர்கள், தாளாளர்களைச் சமாளிப்பதுதான் மிச்சம். "என் நல்ல டீச்சரை நான் ஏன் அடுத்த ஸ்கூலுக்குத் தரணும்? அப்புறம் அட்மிஷன் அங்க போயிரும்" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒரே பாடத்தைத் தரக்கூடாது என்று பிரித்து வைத்ததும், ஆசிரியர் பெயரோடு அவருடைய பள்ளியின் பெயரும் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் ஒலிக்கும்படி செய்ததும் அவரைக் கொஞ்சம் இளக்கின. வேறு ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் அவருடைய ஆசிரியரை வைத்தே பள்ளியை விசாரித்து வந்தபோது முழுசாக இளகினார். எங்கள் பாடத்தில் வாங்கும் மதிப்பெண் அரசு மதிப்பெண் சான்றிதழில் ஏறாது என்பதைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்தால் ஏமாற்றிவிட்டோம் என்பார்கள்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. எங்களைப் போன்ற ஏற்பாட்டுக்கு அந்தப் பிளஸ் ஒன் வருடம் கொஞ்சம் மூச்சுவிடக் கிடைத்த இடம். அந்த இடத்திலும் ஜூனிலிருந்தே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடலாம் என்று இரண்டு தாளாளர்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களோடு மல்லுக்கட்டும் வேலை இப்போது எனக்கு அடுத்து வந்தவருக்கு.